கிரானைட்டுக்கு இடம் கொடுத்தது யார்?

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் நோக்கி நடப்பவர்களுக்கு எதிரே பாகீரதி சிகரங்கள் நிற்கும். அவற்றின் செங்குத்துச் சுவர் வெளிறிய கிரானைட். உச்சியில் மட்டும் கறுத்து, பொருபொருத்துப்போன சிலேட் பாறை. சற்றுத் தள்ளியிருக்கும் 6543 மீட்டர் உயரச் சிவலிங் சிகரமும் அதே கிரானைட்தான். சிலேட் மிகப் பழையது, கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டானது. கிரானைட் அதைவிட மிக இளையது. ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகி, மேலே ஏறிவந்து, அந்தப் பழைய பாறைகளுக்கு அடியில் உறைந்து நின்றது. இதுவரை எல்லாம் சரி. கணக்கு இடிக்கும் இடம் வேறு. கிரானைட் இன்று நிற்கும் இடத்தில் அது வருவதற்கு முன் வேறு பாறை இருந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் காலியான அறை எதுவும் கிடையாது, மேலே அழுத்தும் பாறையின் எடை எந்தப் பொந்தையும் விட்டுவைக்காது. அப்படியானால் முன்பு இருந்த பாறை எங்கே போயிற்று? உலகின் பல மலைத்தொடர்களில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குக் கிரானைட் பரந்து கிடக்கிறது. அத்தனைக்கும் இடம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாகப் புவியியலாளர்களை விடாமல் துரத்தி வருகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஆதிக் கடலிலிருந்து முதலில் படிந்த பாறை கிரானைட் என்று ஜெர்மனியின் வெர்னர் கற்பித்தார். உருகிய குழம்பு உறைந்ததே கிரானைட் என்பது ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டனின் கட்சி. 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் அவருக்குச் சான்று கிடைத்தது. அங்கே சிவந்த கிரானைட் கிளை கிளையாகக் கறுத்த பாறைக்குள் புகுந்து, அதைத் துண்டு துண்டாக உடைத்திருந்தது. கடலில் படிந்த பாறை இன்னொன்றுக்குள் இப்படிப் புகாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விவாதம் வேறு உருவில் திரும்பி வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெச். ஹெச். ரீட் போன்றவர்கள், பெரிய கிரானைட் உடல்களில் பல எங்கிருந்தும் வந்தவை அல்ல, அந்த இடத்திலிருந்த பாறையே இருந்த இருப்பில் கிரானைட்டாக மாறிவிட்டது என்றார்கள். இடப் பிரச்சினையை ஒரே வீச்சில் ஒழித்துவிடும் வாதம் இது. வராத விருந்தாளிக்கு இடம் எதற்கு? 1958-இல் டட்டிலும் போவனும் வெளியிட்ட பரிசோதனைகள் இந்த வாதத்தின் வேரை அறுத்தன. குவார்ட்ஸும் இருவகை ஃபெல்ட்ஸ்பாரும் நீரோடு சேர்ந்து உருகும்போது மிகக் குறைந்த வெப்பத்தில் கிடைக்கும் திரவம் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் இயற்கையின் கிரானைட்டுகளும் இருக்கின்றன. கிரானைட் உருகி வந்ததுதான் என்று உறுதியானதும், இடப் பிரச்சினை முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியது.

அதற்குப் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொன்ன விடை எளிமையானது. குழம்பு எடை குறைந்தது, ஆகவே பெரிய பந்தாகத் திரண்டு மிதந்து எழும்பி, சுற்றியிருக்கும் பாறையை ஒதுக்கித் தள்ளித் தனக்கு இடம் பிடித்துக்கொள்ளும். இந்தச் சித்திரத்தில் கிரானைட் பலசாலி, மலை வெறும் பார்வையாளர். கிரானைட்டில் காணும் நசுங்கலும் வரிகளும் அந்தப் பலப்பரீட்சையின் தழும்புகளாகவோ, பின்னாளில் யாரோ மிதித்த தடமாகவோ எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்தச் சித்திரம் பெரும்பாலும் தலைகீழானது என்பது என் வாதம். மலைத்தொடர்களில் கிரானைட்டுக்கு இடம் தருவது முதன்மையாக மலையின் அசைவுதான். குழம்பு அந்த அசைவின் வேகத்துக்கேற்பத் தவணை தவணையாக வந்து அமர்கிறது. அமரும்போதே, இன்னும் முழுக்க உறையாத நிலையிலேயே, மலையோடு சேர்ந்து நசுங்குகிறது. அதனால் அந்த நசுங்கலைப் பிற்காலச் சேதம் என்று ஒதுக்கக் கூடாது. கிரானைட்டின் பிறப்புக் குறிப்பே அதில்தான் இருக்கிறது.

இந்தக் குறிப்பைப் படிக்க, குழம்பு உறையும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரானைட் குழம்பு 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் அளவில் வருகிறது, ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் ஃபெல்ட்ஸ்பாரும் கறுப்பு மைக்காவும் படிகங்களாகப் பிரியும். மிச்சமுள்ள திரவத்திலிருந்து கடைசியில், இருக்கிற சந்துகளை நிரப்பியபடி, குவார்ட்ஸ் உறையும். நடுவிலே ஒரு நிலை உண்டு: பாதிக்கு மேல் படிகம், மிச்சம் திரவம். கேழ்வரகுக் களி கிண்டுகிறவர்களுக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும். மாவு நீர்க்க இருக்கும்வரை துடுப்பு தடையில்லாமல் சுழலும், பிறகு திடீரென்று இறுகி, துடுப்பு இழுத்த திசையிலேயே களி வரி வரியாகப் படியும். கிரானைட்டில் திரவத்தின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது இந்த இறுகல் நேர்கிறது என்று 1970களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் ஏதாவது ஒரு விசை அதை இழுத்தாலோ நசுக்கினாலோ, மிதக்கும் ஃபெல்ட்ஸ்பார் பலகைகளும் மைக்கா ஏடுகளும் சுழன்று ஒரே திசைக்குத் திரும்பும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட உடைவதோ வளைவதோ இல்லை, ஏனெனில் அசைவையெல்லாம் திரவம் வாங்கிக்கொள்கிறது. முழுக்க உறைந்தபின் அதே விசை தாக்கினால் கதை வேறு. முதலில் தோற்பது குவார்ட்ஸ்தான். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் அது உடையாமல் இழுபடத் தொடங்கி, நாடா நாடாவாக நீண்டு, பொடிப்பொடி மணிகளாக மறுபடி படிகமாகும். ஃபெல்ட்ஸ்பார் அப்படி இழுபட இன்னும் நூற்றைம்பது, இருநூறு டிகிரி கூடுதலாக வேண்டும். அதற்குக் கீழே அது விரிசல் விடும்.

ஆகவே, கையில் எடுத்த கிரானைட் துண்டைத் தாள் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், அது எந்த நிலையில் நசுங்கியது என்று சொல்லிவிடலாம். படிகங்கள் வரிசை கட்டி நின்று, இடையில் உள்ள குவார்ட்ஸ் குலையாமல் இருந்தால், திரவம் இருந்தபோதே அசைவு நடந்திருக்கிறது. குவார்ட்ஸ் நாடாக்களாகியிருந்தால், திடமான பிறகு. இந்த அடையாளங்களை ஒழுங்குபடுத்திப் பேட்டர்சன், வெர்னன், டோபிஷ் மூவரும் 1989-இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் கைவிளக்கு. கண்ணுக்கு வரிசையே தெரியாத கிரானைட்டுக்கும் வழி உண்டு. சிறு உருளைகளாகத் துளைத்தெடுத்து, எந்தத் திசையில் அவை அதிகமாகக் காந்தப்படுகின்றன என்று அளந்தால், உள்ளே மைக்காவும் மேக்னடைட்டும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது வெளிப்பட்டுவிடும். பிரான்சில் துலூஸ் நகரத்து பூஷேயும் அவருடைய மாணவர்களும் இந்த முறையைப் பரவலாக்கினார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கிரானைட் அமைதியாக உறைந்திருக்கலாம். பல கோடி ஆண்டுகள் கழித்து வேறொரு மலையாக்கம் வந்து அதை நசுக்கியிருக்கலாம். திடநிலை நசுங்கலைப் பார்த்து, வரும்போதே நசுங்கியது என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு அடையாளத்தை வைத்துச் சொல்ல முடியாதுதான். அடையாளங்களின் தொடர்ச்சி கிடைத்தால் சொல்லலாம். ஒரே கிரானைட்டில் திரவநிலை வரிசை, உறைந்த கையோடு சூடு ஆறாத நிலையில் ஏற்பட்ட நசுங்கல், குளிர்ந்தபின் ஏற்பட்ட நசுங்கல் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டினால், ஒரே இழுப்பு இடைவிடாமல் நடந்துகொண்டிருக்க, கிரானைட் அதற்குள் வந்து குளிர்ந்திருக்கிறது. இன்னும் நேரடியான சாட்சி மெல்லிய கிரானைட் நாளங்கள். ஒரே பாறைமுகப்பில் ஒரு நாளம் மடிந்து நெளிந்து கிடக்கும். அடுத்தது பாதி நெளிந்திருக்கும். மூன்றாவது இரண்டையும் அறுத்துக்கொண்டு நேர்கோடாக ஓடும். மூன்றும் ஒரே குழம்பின் பிள்ளைகள். அசைவின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொன்றாக வந்தவை. இதைப் பின்னால் வந்த மலையாக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

இந்த விவாதம் முழுவதையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்தின் வடமேற்கு மூலையான டோனகலுக்குப் போக வேண்டும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நார்வே வழியாக ஓடிய பழைய கலிடோனிய மலைத்தொடரின் ஒரு பகுதி இது. ஒரு பெருங்கடல் மூடி, கண்டங்கள் மோதியதில் எழுந்த அந்த மலைகளை 40 கோடி ஆண்டு அரிப்பு மழித்துவிட்டதால், அன்று பல கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்த கிரானைட்டுகள் இன்று புல்வெளிக்கும் கரிச்சேற்று நிலத்துக்கும் நடுவே வெளியே கிடக்கின்றன. எட்டு தனித்தனிக் கிரானைட் உடல்கள் அடுத்தடுத்து. கிரானைட் இடத்திலேயே மாறியது என்று வாதாடிய அதே ரீட்தான் தம் மாணவர்களை இங்கே வரைபடம் தயாரிக்க அனுப்பினார். அவர்களில் முக்கியமானவரான வாலஸ் பிட்சர், பெர்கருடன் சேர்ந்து 1972-இல் வெளியிட்ட டோனகல் நூல் கிரானைட் ஆய்வில் ஒரு மைல்கல். குருவின் கொள்கைக்கு மாணவர்கள் சேர்த்த சான்றுகளே எதிராகத் திரும்பியது இத்துறையின் சுவையான வேடிக்கைகளில் ஒன்று.

அந்த எட்டு உடல்களில் முதன்மை டோனகல் கிரானைட் என்பது வடகிழக்கு–தென்மேற்காக நீண்ட உடல். அது முழுக்க ஒரே திசையில் வரி ஓடியிருக்கிறது. அதற்குள்ளே பளிங்கு, குவார்ட்ஸைட், களிப்பாறை ஆகிய பழைய பாறைகளின் நீண்ட பாளங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. கிரானைட்டுக்கு வெளியே இப்பாறைகள் எந்த அடுக்குமுறையில் இருக்கின்றனவோ, உள்ளேயும் ஏறக்குறைய அதே முறை. குழம்பு ஒரே வெள்ளமாகப் பொங்கி வந்திருந்தால் இந்தப் பாளங்கள் கலைந்து, கவிழ்ந்து, மூழ்கியிருக்கும். வரிசை குலையாமல் நிற்பதற்கு ஒரே வழிதான் உண்டு. குழம்பு தகடு தகடாகப் பாறை அடுக்குகளுக்கு இடையே நுழைந்து, ஒவ்வொன்றாக அவற்றை விலக்கியிருக்க வேண்டும். முதலில் ஆய்ந்தவர்கள் இதை ஆப்பு அடித்ததுபோன்ற பலவந்த நுழைவு என்றே கொண்டார்கள். 1982-இல் டானி ஹட்டன் வேறு விளக்கம் சொன்னார் (கிளென் டில்ட் ஹட்டன் அல்ல, இவர் நம் காலத்தவர்). கிரானைட்டிலும் அதையொட்டிய பாறைகளிலும் உள்ள நசுங்கலை அளந்தால், அது இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளியதன் அடையாளமாக இல்லை. நிலத்தின் இரு பாதிகள் இடப்பக்கமாக ஒன்றையொன்று உரசி நகர்ந்ததன் அடையாளமாக இருக்கிறது. பாறை இப்படிப் பக்கவாட்டில் நழுவும் பட்டைகள் மலைத்தொடர்களில் சகஜம். நழுவும்போது சில இடங்களில் பட்டை வாய்பிளக்கும், அந்த வாயில் குழம்பு இறங்கும். முதன்மை டோனகல் கிரானைட் அப்படியொரு நழுவும் பட்டைக்குள் அமர்ந்தது என்பது அவர் வாதம். இதற்கு அருகிலேயே ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. இதன் தென்மேற்கு முனையை ஒட்டிய ட்ராவெனா விரிகுடா கிரானைட், பொருளில் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் பட்டைக்கு வெளியே அமைந்துவிட்டதால் அதில் நசுங்கல் மிகக் குறைவு. குழம்பு தன் பலத்தால் நசுக்கியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி நசுங்கியிருக்க வேண்டுமே.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சியும் அதே டோனகலில்தான் இருக்கிறது. ஆர்டரா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள கிரானைட் உடல் ஏறக்குறைய வட்டமானது, சில கிலோமீட்டர் குறுக்களவு உள்ளது. அதற்குள் கருநிறத் திட்டுகள் பல சிதறிக் கிடக்கின்றன. வேறு வகைக் குழம்பின் துளிகள் அவை. நடுவில் உருண்டையாக இருக்கும் துளிகள், விளிம்பை நெருங்க நெருங்கத் தட்டையாகி, விளிம்பிலேயே மெல்லிய தகடாகிவிடுகின்றன. சுற்றியுள்ள பாறையும் விளிம்பைத் தழுவி வளைந்து நசுங்கியிருக்கிறது. முதலில் வந்த குழம்பு வெளிச்சுவராக உறைய, பிறகு வந்தது உள்ளிருந்து ஊதியது என்ற பலூன் விளக்கத்தை இதைவிடத் தெளிவாக எங்கே காண்பது? வெர்னனும் பேட்டர்சனும் 1993-இல் இதை மறுத்தார்கள். திட்டுகளின் தட்டைத்தன்மை குழம்பின் உள்ளோட்டத்தாலும் ஏற்படலாம், சுற்றுப்பாறையின் நசுங்கல் தேவையான இடத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும் என்பது அவர்கள் கருத்து. இதற்குப் பதில் சொன்னவர் வேறு யாருமல்ல, நழுவும் பட்டை விளக்கத்தை முன்வைத்த அதே டானி ஹட்டன். 2000-இல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து மறுபடி அளந்து, ஆர்டராவுக்கு வேண்டிய இடத்தில் பெரும்பங்கை ஊதலே தந்தது என்று நிறுவ முயன்றார். அவரே ஒப்புக்கொண்ட இடத்தில் நாம் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. கிரானைட் தள்ளவே தள்ளாது என்பதல்ல என் வாதம். ஆர்டரா சிறிய உடல். டோனகலிலேயே ராஸஸ் என்ற இன்னொன்று வளையம் வளையமாக அமைந்து, ஏறக்குறைய நசுங்கலே இல்லாமல் இருக்கிறது. கூரைப்பாறை உள்ளே இறங்க, அந்த இடத்தில் குழம்பு ஏறியதாக அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. சிறு உடல்களுக்கு இப்படிப் பல வழிகள் உண்டு. மலைத்தொடர் நீளத்துக்கு வரிசை கட்டி நிற்கும் பெருங்கிரானைட்டுகளுக்குத் தள்ளும் பலம் மட்டும் போதாது என்பதே கேள்வியின் மையம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது, அது வேகம் பற்றியது. மலைகளின் பிளவுகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் நகர்கின்றன. 2 சென்டிமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டர் வாய்பிளக்க இரண்டரை லட்சம் ஆண்டு வேண்டும். குழம்போ அவசரக்காரன். பெருவின் கோர்டில்லேரா பிளாங்கா கிரானைட்டின் மொத்தக் குழம்பும், சில மீட்டர் அகல விரிசல் வழியாக, சில நூறு ஆண்டுகளிலேயே ஏறி வந்துவிட முடியும் என்று பெட்ஃபோர்டும் சகாக்களும் 1993-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இத்தனை வேகமாக வரும் குழம்பு, அத்தனை மெதுவாகத் திறக்கும் வாசலில் எப்படிக் காத்திருக்கும்? ஆகவே மலையின் அசைவால் இடம் கிடைப்பதில்லை, குழம்பு இடித்துத் தள்ளியே ஆக வேண்டும் என்றார்கள் ஆட்சேபித்தவர்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் அதன் அடியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: கிரானைட் முழுவதும் ஒரே மூச்சில் வந்தது என்ற அனுமானம்.

அதை உடைத்தது கலிபோர்னியாவின் யோசெமிட்டி. ஹாஃப் டோம் குன்றால் உலகப் புகழ்பெற்ற இடம். அதைச் சேர்ந்த டுவாலமி கிரானைட் தொகுதி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. விளிம்பில் கருமையாகவும் நடுவில் வெளிறியும் வளையம் வளையமாக இருப்பதால், ஒரே பெரிய குழம்புத் தொட்டி வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல உறைந்ததற்கு இதுவே இலக்கணம் என்று கற்பிக்கப்பட்டு வந்தது. கோல்மன், கிரே, கிளேஸ்னர் மூவரும் இதன் சிர்கான் படிகங்களை எடுத்து, அவற்றிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். விளிம்புப் பாறைக்கு வயது சுமார் 9.5 கோடி ஆண்டு, நடுப்பாறைக்குச் சுமார் 8.5 கோடி. இடையில் ஒரு கோடி ஆண்டு இடைவெளி. ஹாஃப் டோம் கிரானைட் என்ற ஒரு வளையம் மட்டுமே சுமார் 40 லட்சம் ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. சில கிலோமீட்டர் தடிமனுள்ள குழம்புத் தொட்டி பத்து லட்சம் ஆண்டுக்குள்ளேயே உறைந்துவிடும் என்பது வெப்பக் கணக்கு. ஆகவே அது ஒரே தொட்டியாக இருந்திருக்க முடியாது. தவணை தவணையாகத்தான் வந்திருக்க வேண்டும். தவணையாக வருவதென்றால் வேக ஆட்சேபம் கரைந்துவிடுகிறது. குழம்பின் ஒவ்வொரு தவணையும் விரைவாகவே வரட்டும், தவணைகளுக்கு இடையே மலைக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது. ஒரு கோடி ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் விலகினாலே 10 கிலோமீட்டர் இடம் கிடைத்துவிடும்.

இதையும் எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. பேட்டர்சன், ஜாக் முதலியோர் அதே டுவாலமியை அங்குலம் அங்குலமாக வரைந்து, நடுப்பகுதியில் உருகியதும் உருகாததுமான பெரிய தொட்டி நெடுங்காலம் நீடித்தது, பின்னால் வந்த குழம்பு முன்னதைக் கரைத்து அரித்தது என்று வாதிடுகிறார்கள். தவணையின் அளவு பற்றிய இந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், அவர்களுடைய வரைபடம் என் வாதத்துக்குத் துணைக்கு நிற்கிறது. டுவாலமியில் படிக வரிசை ஒன்று, வளையங்களுக்கு இடையே உள்ள எல்லைகளைச் சட்டைசெய்யாமல், வடமேற்கு–தென்கிழக்காக அவற்றை ஊடறுத்து ஓடுகிறது. அது திரவநிலை வரிசைதான். குழம்பின் சொந்த ஓட்டத்தால் வந்திருந்தால் எல்லைகளோடு சேர்ந்து வளைந்திருக்கும். வட்டார மலையின் நெருக்கம், உறையாத கிரானைட்டின் மேல் பதித்த முத்திரை அது. ஒரு எச்சரிக்கையும் அவர்களிடமிருந்தே கிடைக்கிறது. குழம்பில் பதியும் வரிசை எளிதில் கலைந்து புதிதாகப் பதியக்கூடியது. அதனால் நாம் காண்பது உறைவதற்குச் சற்று முந்தைய கடைசி அசைவை மட்டுமே. வெறும் படிக வரிசையைக் காட்டி, இடம் இப்படித்தான் கிடைத்தது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாளங்களின் வரிசை, விளிம்பின் நசுங்கல், நாளங்களின் வயது ஆகியவையும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால்தான் வழக்கு நிற்கும். டோனகலில் வழக்கு நிற்பது அதனால்தான்.

இனி இமயமலை. நெருக்கிக்கொண்டிருக்கும் மலையில் வாய் எப்படிப் பிளக்கும் என்ற கேள்வி இங்கேதான் மிகக் கூர்மையாக எழுகிறது. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டித் தள்ளுகிறது; சுவர்கள் நெருங்குகின்றனவே தவிர விலகவில்லை. இதற்கு முதல் பதில், கிரானைட்டுகள் நாம் நினைத்த அளவு தடிமன் இல்லை என்பது. புவியீர்ப்பின் நுட்பமான ஏற்றத்தாழ்வுகளை அளந்து பார்த்ததில், உலகின் பல கிரானைட்டுகள் ஆழமாக வேர்விட்ட தூண்களாக இல்லை. பல பத்துக் கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் தடிமனும் கொண்ட படுக்கைகளாக இருக்கின்றன. பக்கவாட்டில் நெருக்கம் இருக்கும்போது எளிதாக இடம் தரக்கூடிய திசை செங்குத்துத் திசைதான். கூரை எழும்பலாம், தரை இறங்கலாம். குழம்பே கீழிருந்து உருவப்பட்டதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே எவ்வளவு வந்ததோ அவ்வளவு கீழே குறைந்திருக்கிறது. இந்த வகையில் பார்த்தால் இடப் பிரச்சினையில் பாதி வெறும் இடமாற்றக் கணக்கு.

இமயத்தின் வெள்ளைக் கிரானைட்டுகள் பெரும்பாலும் 2.4 கோடி முதல் 1.5 கோடி ஆண்டு வயதுடையவை. மனாஸ்லு, மகாலு, சிவலிங், எவரெஸ்டுக்குப் பக்கத்திலுள்ள நுப்ட்சே எல்லாம் இதில் அடங்கும். இவை மலையின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தென் திபெத்தியப் பெரும்பிளவு என்று ஒன்று இமயத்தின் நீளத்துக்கு ஓடுகிறது. அதன் மேலேயுள்ள பழைய கடல் பாறைகள் வடக்கு நோக்கி நழுவியிருக்கின்றன. எவரெஸ்டின் உச்சியிலுள்ள சுண்ணாம்புப் பாறை அந்த நழுவிய மூடியைச் சேர்ந்ததே. கிரானைட் படுக்கைகள் பெரும்பாலும் அந்தப் பிளவுக்கு நேர் கீழே குவிந்து கிடக்கின்றன. மூடி நழுவ, அடியில் பாறை உருகி மேலேற, குழம்பு அந்த மூடிக்குக் கீழே தகடுகளாகப் பரவியிருக்கிறது. இப்பாறைகளில் கறுப்பு டூர்மலின் ஊசிகளும் மைக்கா ஏடுகளும் பல இடங்களில் நழுவிய திசையிலேயே சாய்ந்து கிடக்கின்றன. பிளவு பின்னால் வந்து கிரானைட்டை அறுத்திருக்கலாமே என்றால், அறுபட்ட நாளங்களும் இருக்கின்றன, பிளவின் வரிகளையே அறுத்துக்கொண்டு குலையாமல் ஓடும் நாளங்களும் இருக்கின்றன. நழுவலும் குழம்பும் ஒரே காலத்தவை என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பாகீரதி உச்சியின் கறுத்த சிலேட்டும் அந்தக் கிரானைட் படுக்கையின் கூரைதான்.

இதெல்லாம் நிபுணர்களின் நுணுக்கச் சண்டை, மற்றவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். லடாக்கில் பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் தாங்சே என்ற ஊர் இருக்கிறது. காரகோரம் பிளவு அந்த வட்டாரத்தின் வழியே போகிறது. ஆசியாவின் மிகப் பெரிய பக்கவாட்டுப் பிளவுகளில் அதுவும் ஒன்று. பிளவுக்குள் நசுங்கிய கிரானைட்டுகள் ஏராளம். அவற்றின் வயது இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் ஒன்றரைக் கோடிக்கும் இடைப்பட்டு வருகிறது. அவை பிளவு நகர்ந்துகொண்டிருந்தபோதே குழம்பாக வந்தன என்றால், பிளவு இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. திபெத்தின் பெரும்பகுதி அதன் வழியே பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒதுங்கியிருக்கலாம். பிளவுக்கு முன்பே உறைந்து, பின்னர் நசுங்கின என்றால், பிளவு இளையது, ஒதுங்கிய தூரமும் சிறியது. பிரெஞ்சுக் குழுக்கள் முதல் கட்சி, ஆக்ஸ்ஃபோர்டின் மைக் சர்ல் இரண்டாம் கட்சி. இந்தியா மோதியபோது ஆசியா பக்கவாட்டில் விலகியதா, மடிந்து தடித்ததா என்ற பெரிய கேள்வியின் விடை, ஒரு கிரானைட் நாளத்தில் குவார்ட்ஸ் எந்த வெப்பத்தில் நசுங்கியது என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த வழக்கில் நான் முதல் கட்சிப் பக்கம் சாய்கிறேன். அங்கே உருகிய பாறையின் நாளங்கள் மடிப்புகளின் அச்சுகளிலும் நழுவல் கோடுகளிலும் தேங்கி நிற்பதை வைன்பெர்க் போன்றவர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். அசையாத பாறையில் குழம்பு இப்படி இடம் தேர்ந்து உட்கார்ந்திருக்காது.

கிரானைட் வந்து அமரும் இந்த வேலை இன்னும் முடிந்துவிட்டதாகவும் தெரியவில்லை. நங்க பர்பத் மலையில் பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத கிரானைட் நாளங்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. 1990களில் சீன, அமெரிக்க, ஜெர்மன், கனடிய விஞ்ஞானிகள் தென் திபெத்தில் நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பிப் பார்த்தபோது, 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் அலைகள் மிகப் பலமாகத் தெறித்துத் திரும்பிய இடங்கள் இருந்தன. அது உருகிய பாறை என்று ஒரு சாராரும், உப்புநீர் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எது சரியானாலும், இந்தியத் தட்டு இமயத்தின் குறுக்கே ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் இன்றும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.